எந்தப் பிரிவில் பிடித்தார்கள்

மார்ச் 4

கடைவாசலில் அந்த வீட்டுக்காரியைப் பார்த்தேன். என் பேத்தியும் அவள் தோழியும் குடியிருந்த அறைக்குச் சொந்தக்காரி. நல்லா இருக்கீங்களாம்மா என்று கூசாமல் விசாரிக்கிறாள். பெண்ணும் பெண்ணும் குடும்பம் நடத்துகிறார்கள் என்று போலீசுக்குப் போன் போட்ட வாய். அவள் சொன்னது ஓர் எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. என் கட்டை வேகும்வரை இருக்கும்.

மார்ச் 9

பேத்தியையும் தோழியையும் ஜாமீனில் எடுத்த வக்கீலம்மா வந்திருந்தார். உலக நாடுகள் கூடும் மனித உரிமைச் சபையில் இந்த முறை நம் நாட்டை நிறுத்திக் கேட்கப் போகிறார்களாம், இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்களை ஜெயிலில் போடும் சட்டம் இன்னும் ஏன் என்று. அரசாங்கம் முன்கூட்டியே பதில் கொடுத்துவிட்டதாம்: சட்டம் சும்மா இருக்கிறது, அதில் யாரையும் பிடித்ததில்லை.

யாரையுமா? அப்போ செருப்புகூடப் போடவிடாமல் ஜீப்பில் ஏற்றியது யாரை?

மார்ச் 16

சபைக்காக விசாரிக்க வந்த வெளிநாட்டு அம்மாளிடம் பேத்தியைக் கூட்டிப்போனேன். எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், எந்தப் பிரிவில் வழக்கு என்றாள். தெருவில் சண்டை போட்டு அமைதியைக் கெடுத்ததாக, என்றாள் பேத்தி. அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டாள். சண்டை வழக்கு அவர்கள் கணக்கில் சேராதாம்.

எல்லாம் என் மகன் செய்த வேலை. மகள் மானம் போகக்கூடாதென்று இன்ஸ்பெக்டர் காலில் விழுந்து, பிரிவை மாற்றி எழுத வைத்தான். அபராதத்தோடு போய்விடும் என்றான். கெட்டிக்காரன். நடந்ததையே நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டான்.

மார்ச் 17

மகனுக்கு இன்று நான் சோறு போடவில்லை.

மார்ச் 29

சபைக் கூட்டத்தைப் போனில் பார்த்தோம். பல நாடுகள் சட்டத்தை எடுக்கச் சொல்லின. நம் ஆள் கோட்டு போட்டுக்கொண்டு சிரித்த முகமாக, குறித்துக்கொண்டோம் என்றார். ஏற்றுக்கொண்டோம் இல்லை — குறித்துக்கொண்டார்களாம். நான் கண்ணாடி மாற்றக் கேட்டபோது என் மகனும் குறித்துக்கொண்டான்தான். இன்னும் தடவித்தான் நடக்கிறேன்.

யாரையும் பிடித்ததில்லை என்று மறுபடியும் சொன்னார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தோழிதான் மெதுவாகச் சொன்னாள்: "அவர மட்டும் திட்டி என்ன பாட்டி? சண்டை கேஸ்னு எழுத விட்டு, அப்படிச் சொல்றதுக்கு நாமதான எடுத்துக் கொடுத்திருக்கோம்."

பேத்தி போனை அணைத்தாள்.

ஏப்ரல் 11

கோர்ட். சண்டை போட்டதை ஒத்துக்கொண்டால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றார் நீதிபதி. ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று மகன் பின்னாலிருந்து தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

"நாங்க சண்டையே போடலங்க. சேர்ந்து வாழுறோம். அதுக்குத்தான் பிடிச்சாங்க" என்றாள் பேத்தி. தோழியும் அதையே சொன்னாள்.

பிரிவை மாற்றினார்கள். இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். "இப்ப திருப்தியா?" என்றான் மகன்.

நான் கேட்டது இதைத்தானே? இதையா கேட்டேன்?

ஏப்ரல் 12

வக்கீலம்மா போன். சபைக்கு எழுதிப் போட்டாயிற்றாம். இனி யாரையும் பிடிக்கவில்லை என்று அவர்கள் வாய் திறக்க முடியாதாம். சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15

மகன் கோர்ட்டுக்குப் போன நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஜெயிலுக்குப் போகப் பையில் பேத்தியின் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து இரண்டு சோப்பு, இரண்டு துண்டு வைத்தான்.

"ரெண்டு எதுக்குடா?"

"உள்ள ரெண்டு பேர் இல்ல?" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனான்.