நட்டநடுவில் பெயர் வெட்டிய தட்டு

சாரம், பாண்டிச்சேரி
9.8.1981

அன்புள்ள சந்திரகலாவுக்கு,

நான் சுகம். உனக்கு இருமல் நின்றதா? அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?

சரியாகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருந்தாய். எங்கள் கம்பெனி ஆட்கள் விரும்பிப் போகும் குஞ்சம்மாள் அக்கா கடையை இப்போதுதான் கண்டுபிடித்தேன். சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிறது. போர்டு கிடையாது, மீன்குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நேற்று அங்கே பலகையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினேன். அக்காவும் அவசரத்தில் சோற்றைப் போட்டுவிட்டார். பாதி சாப்பிட்டிருப்பேன், லோடுமேன் அம்மாவாசை வந்து எதிரே நின்றார்.

"யோவ், அது எம் பொண்டாட்டி பேரு வெட்டுன தட்டுய்யா."

அங்கே வாடிக்கைக்காரர்கள் அவரவர் வீட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்திருப்பார்களாம். நான் பாதியிலேயே எழுந்திருக்கப் போனேன். அவரோ சிரித்துக்கொண்டே ஓர் இலையை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீயும் உம் பொண்டாட்டி தட்ட எடுத்தாந்து வச்சிடு தம்பி" என்றார் அக்கா.

அதனால், கல்யாணச் சீரில் உன் அப்பா உன் பெயரை நட்டநடுவில் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் தட்டை, உன் தம்பி இங்கே வரும்போது கொடுத்தனுப்பு. கொஞ்சம் மாவடுவும் வை.

சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓட வேண்டும். நான் அரைவயிறாகக் கிடப்பேன் என்று இனி கவலைப்படாதே. அக்கா சோற்றைக் குவித்துப் போடுகிறவர். உன் பெயர் தெரிகிறவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை.

உன்,
கோவிந்தராசு