ஏழாம் நம்பர் பலகை

ஆவணி, ஞாயிறு இரவு.

எங்கள் லேப் மேனேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வண்டலூர் போய் வந்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கப்பல் உடைக்கும் யார்டுக்கு வந்த ஒரு பழைய கப்பலில் ஏறி, சுவர்ப் பலகைகளில் சேம்பிள் வெட்டியவள் நான். லேபில் சோதித்து, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று எழுதினேன். நுரையீரலை அரிக்கும் தூசி அது. மேனேஜர் 'இல்லை' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். "வந்தோமா, வேலையப் பாத்தோமான்னு இரும்மா" என்றார்.

இன்று புது வீட்டைச் சுற்றிக் காட்டினார். மகளின் அறை முழுக்க வெள்ளைப் பலகை.

"கப்பல் சரக்கு. யார்டுல சும்மாவே குடுத்தாங்க. நெருப்பே பிடிக்காது" என்று பெருமையாகத் தட்டினார்.

கதவோரப் பலகையில் சதுரமாக ஒரு ஓட்டை. பக்கத்தில் நீல மார்க்கரில் 7. நான் வெட்டியது, நான் எழுதியது.

அவர் மனைவி கேட்டார்: "ஒண்ணும் பண்ணாதே? பாப்பா இங்கதான் படுப்பா."

"சாரையே கேளுங்கக்கா. இந்தப் பலகைக்கு ரிப்போர்ட் குடுத்தவரே அவர்தான்" என்று அந்த 7-ஐத் தொட்டுக் காட்டினேன்.

மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. அதே கப்பலின் பலகை என்று புரிந்துகொண்டார். உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். "எல்லாம் டெஸ்ட் பண்ணதுதான்" என்றார். பெற்ற மகளின் அறையில் நின்றுகொண்டு!

என் பழைய ரிப்போர்ட்டின் போட்டோ போனில் இருந்தது. சற்று முன் அதை அந்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாப்பாவை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள் என்றும் எழுதினேன்.

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. இன்றைக்கு மேனேஜர் தூங்கமாட்டார்.

விளக்கை அணைக்கிறேன்.