வாசல் கணக்கில் சேராத கதவு

அன்பு வசந்தா,

ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் கடிதம் எதற்கு என்பாய். இப்போது எழுத வேண்டியிருக்கிறது. முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆலைச் சோதனைக்கூடத்தில் அறிக்கை எழுதிப் பழகிய கை. வரிசை எண் இல்லாமல் எனக்குக் கோபப்படத் தெரியாது.

1. 2012, தை. சேரப்பணஞ்சேரியில் நம் வீட்டுக்கு நிலை வைத்த நாள். தலைவாசல் நிலைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை எல்லாம் ஆயிற்று. பின்பக்கம் நீ கேட்ட கண்ணாடிக் கதவு வரப்போகும் இடத்திலும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாய். என் அண்ணன் குங்குமக் கிண்ணத்தை மூடிவிட்டார்.

2. 2012, ஆவணி. புதுமனைப் புகுவிழா. வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதவைக் காட்டி, "எங்க தம்பி பொண்டாட்டி வூட்டுக்குள்ளயே ஷோரூம் வெச்சிகினு கீது" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

3. 2014, ஐப்பசி. நீ போன நாள். அவிட்ட நட்சத்திரம், அடைப்பு என்றார்கள். அந்த நட்சத்திரத்தில் இறந்தவரின் உடலைத் தலைவாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் சிலர் இன்னும் விடாத வழக்கம். உன்னை எந்த வழியாக அனுப்புவது என்று, என்னைக் கேட்காமல் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

4. 2014, மார்கழி. நான் வேலைக்குப் போயிருந்த நேரம், உன் கதவைச் செங்கல் வைத்து மூடக் கொத்தனாரை அனுப்பினார். மார்கழியில் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எனக்கு வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர் அவர்.

நான்கு போதும்.

அந்தக் கதவை நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பது இதைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டையில் நாம் குடியிருந்த வாடகை வீட்டை ஒட்டி ஆலைப் பையன்களின் விடுதி. மூன்று ஷிப்டுக்கும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கத்து ஜன்னலை நாம் குடியிருந்த காலம் முழுதும் நீ திறந்ததில்லை. அவர்கள்மேல் உனக்குக் குறையும் இல்லை. "அதுங்க தூங்கற நேரம், நாம இன்னாத்துக்குத் தெறந்து வெச்சிகினு பாத்திரம் உருட்டணும்?" என்பாய். காற்று வேண்டும் என்று நீ ஒருமுறையும் சொன்னதில்லை. அதனால் அது உனக்கு வேண்டாம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடத்தில் கதவு ஜன்னல் விற்கும் கடைக்குப் போனபோதுதான் உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று தெரிந்தது. தேக்குச் சட்டம், இரும்புக் கம்பி, அளவான ஜன்னல் என்று நான் தீர்மானித்து வந்திருந்தேன். நீ ஒவ்வொரு மாதிரியையும் திறந்து மூடிப் பார்த்தாய். கடையில் இருந்தவர் தெற்கத்திக்காரர்.

"யக்கா, இப்ப எல்லாரும் ஸ்லைடிங்தான் கேக்காவ. இடம் மிச்சம். காத்துல அடிச்சுக்கிடாது."

"ரெண்டு பலகையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு தானே நிக்கும்? பாதி தெறக்கறதுக்கா முழுக் கதவு வாங்கறது?"

"அப்பம் கீல் வச்ச ரெட்டைக் கதவு எடுங்க. ஆனா கொக்கி போடாம விட்டியன்னா ஒரு காத்துக்குக் கண்ணாடி போயிரும்."

"கொக்கி நான் போட்டுக்குவேன். இவரத்தான் நம்ப முடியாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை. லாரிகள் போகும் சாலையைப் பார்த்த முன்னறைக்கு அசையாத கண்ணாடியும் மேலே சிறு திறப்பும். சமையலறைக்கு, அடிப்பக்கத்தை வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல். மழையிலும் மூட வேண்டியதில்லை. படுக்கையறையை மட்டும் என் தேக்குக்கும் கம்பிக்கும் விட்டுக்கொடுத்தாய். கூடத்திலிருந்து பின்தளத்துக்கு, வெளிப்பக்கமாக விரியும் இரட்டைக் கண்ணாடிக் கதவு. முழங்கால் வலி காரணமாக வாசற்படி வேண்டாம் என்றாய். உள்ளும் புறமும் ஒரே மட்டம். மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்றேன். வெளித்தளத்தைச் சரிவாகப் போடச் சொல்லி என் வாயை அடைத்தாய்.

படி இல்லாததும் நிலைக்குப் பூசை நடக்காததும்தான் பின்னால் வழக்காயிற்று. ஐப்பசி மழை விட்டிருந்த அந்தக் காலையில் சுவரை எங்கே உடைப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பின்பக்கம் கைகாட்டினார்.

"செவுத்த எதுக்கு ஒடைக்கணும்? அதான் ஏற்கெனவே ஒடைச்சி வெச்சிகீறாளே. படி இல்ல, பூச போட்ட நெல இல்ல. அது வாசல் கணக்குல சேராது."

நான் மறுக்கவில்லை. அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. இரண்டு கதவும் முழுதாகத் திறந்து கொக்கியில் நின்றன. பாடை ஒரு பக்கமும் சாயவில்லை. தூக்கியவர் தோள் எதுவும் சட்டத்தில் உரசவில்லை. தலைவாசலில் அப்படி நடந்திருக்காது. நீ விரும்பிய வழியாகவே போகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உனக்குத் தெரிந்ததா?

இப்போது அதே வாயால் அண்ணன் வேறொன்று சொல்கிறார். உடல் போவதற்காக உடைத்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டுமாம். மார்கழியில் கொத்தனார் வந்தபோது இரவு ஷிப்ட் முடித்து வீட்டில் இருந்தவள் நம் மகள் கயல்தான்.

"பெரியவருதாம்மா சொன்னாரு. அடைப்புக்குப் போன வழிய அடைச்சிடணுமாம்."

"அண்ணே, அம்மா போன வழியாத்தான் நான் தெனம் துணி காயப் போடப் போறேன், வரேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? கட்டுன்னா கட்டுவேன், ஒடைன்னா ஒடைப்பேன்."

"டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க. ரெண்டும் வேணாம்."

பொங்கலுக்கு மறுநாள் அண்ணனே நேரில் வந்தார். கயலைப் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து மாசி மாதம் ஒரு குடும்பம் வருகிறது. வருடம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் அவர்தான். காபியைத் தொடாமல் சொன்னார்: "அதுக்குள்ள மூடு. இல்லன்னா, அடைப்புல போன வழிய தெறந்து வெச்சிகினு கீற வூடுன்னு நானே மாப்ள வூட்டாண்ட சொல்லிடுவேன். அப்பறம் என்ன நோவாத."

அவரிடம் நான் குரல் உயர்த்தவில்லை. குரலை உயர்த்தினால் அவர் அதைச் சண்டை என்று சொல்லித் தப்பித்துவிடுவார். மறைக்கும்வரைதான் அவர் மிரட்டலுக்கு மதிப்பு. ஆகவே மறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் இது கயலின் வாழ்க்கை. எல்லாவற்றையும் எழுதி அச்சில் போட்டுவிடலாமா என்று அவளைக் கேட்டேன்.

"போடுப்பா. மறைச்சிக் கட்டிக்கினு போயி அப்பறம் தெரிஞ்சா, அங்க உக்காந்து அழறது நான்தானே? இப்பவே தெரியட்டும். வரவங்க வரட்டும்."

அதனால்தான் இந்தக் கடிதம் நம் குடியிருப்போர் சங்க மலரில் அச்சாகிறது. அதற்கு முன்பே ஒரு பிரதி காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டது. இன்றுவரை அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஓர் ஐயம் மட்டும் என்னை விடவில்லை, வசந்தா. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "ஒரு கதவுதானே, பொண்ணுக்காக மூடிடுங்க" என்றிருப்பாயோ? விடுதிப் பையன்களின் தூக்கத்துக்காக ஜன்னலையே மூடி வைத்திருந்தவள் நீ. சொல்லக்கூடியவள்தான். ஆனால் இந்த முறை விட்டுக்கொடுக்கச் சொல்லி உன் பெண்ணும் கேட்கவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. இதில் தவறு இருந்தால் அது எங்கள் இருவருடையது.

உனக்கு என் உறுதி இது: காஞ்சிபுரத்தார் வந்தால், இரண்டு கதவையும் திறந்து வைத்து அதன் எதிரிலேயே அவர்களை உட்கார வைப்பேன். யார் எந்த வழியாகப் போனார்கள் என்று நானே சொல்வேன். அவர்கள் எழுந்து போனாலும் கதவு திறந்திருக்கும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் என் அண்ணனுக்கு: அது வாசல் என்றால், அவளை அதன் வழியே அனுப்பச் சொன்னது ஏன்? வாசல் இல்லையென்றால், இன்று அடைக்க வேண்டியது எது? மாசி முதல் தேதிக்குள் எழுத்தில், கையெழுத்துடன் பதில் வேண்டும். ஆள் மூலம் சொல்லியனுப்புவதோ தொலைபேசியில் பேசுவதோ பதிலாகாது. பதில் வராவிட்டால், இதே கேள்விகளை வருகிறவர்கள் முன்னிலையில் உங்களிடம் மறுபடியும் கேட்பேன்.

உன் கணவன்,
கயலின் அப்பா