அட்டைப்பெட்டியில் என் பெயர்

மஸ்கட், ஞாயிறு.

அன்புள்ள பிரகதீஸ்வரி,

அரிமளத்தில் மழை உண்டா? ஆத்தாவின் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

நேற்று வீடியோ காலில் நம் தாரணி, போன லீவில் நான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் மார்க்கரால் எழுதியிருந்த என் பெயர்மேல் விரலை ஓட்டி, "அப்பா" என்று படித்தாளே! நாலு வயதுப் பிள்ளை, ஓர் எழுத்தும் தெரியாது. "படிப்பு இப்படித்தாங்க ஆரம்பிக்கும்" என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னதாகச் சொன்னாய். எனக்கோ அது சரியா தப்பா என்றே விளங்கவில்லை. "அப்பா எங்க தாயி?" என்று கேட்டேன். திரையில் இருந்த என்னை விட்டுவிட்டுப் பெட்டியைக் காட்டினாள். சிரித்து வைத்தேன்.

பெட்டியைப் பரணில் ஏற்றிவிடாதே. கீரனூர் குழந்தைசாமி அண்ணன் ஊருக்குக் கிளம்புகிறார், இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கீழே என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அவளிடம் காட்டி, என்ன படிக்கிறாள் என்று சொல்.

திருமுருகன்