கர்ச்சீப்பில் ஒட்டிய தீவு

14 செப்டம்பர் 2013, சனி

கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் இன்று ஒரு வெள்ளைக் கார் கதவில் கரும்புள்ளி விழுந்துவிட்டது. "எங்கேர்ந்து வந்துச்சி இந்தத் தூசு? இன்னாய்யா பண்ற?" என்று சூப்பர்வைசர் கத்தினார். தெரியாது என்றேன். பொய். உள்ளே கொண்டுபோகக் கூடாத கர்ச்சீப்பால் வியர்வையைத் துடைத்தது நான்தான்.

ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் நானும் ரூம்மேட் இசக்கியும் எரிமலைத் தீவு ஒன்றைக் கியர் சைக்கிளில் சுற்றினோம். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சாம்பலில் குப்புற விழுந்தேன். இதே கர்ச்சீப்பால்தான் இசக்கி என் முகத்தைத் துடைத்துவிட்டான். "ஏலே, அழுதியா, சிரிக்கியா?" என்றான். இரண்டும்தான்.

அன்றிலிருந்து அது துவைக்காமல் என் பையிலேயே இருக்கிறது. இசக்கிதான் வேலையை விட்டுப் போய்விட்டான். ஒரகடம் ரூமில் நான் மட்டும்.

இன்றைக்கே கர்ச்சீப்பைத் துவைத்துவிட வேண்டும் என்று வாளியில் தண்ணீர் பிடித்தேன். சட்டையை மட்டும் துவைத்துக் காயப்போட்டேன்.