காலை எட்டு இருபத்தைந்துக்கு அறுபடும் இணைப்பு

மிஹாரா
3 அக்டோபர் 1999

நஹோ அப்பாவுக்கு,

இங்கே நலம். குஷிரோவில் குளிர் தொடங்கிவிட்டதா? ஏப்ரலில் மாற்றலாகிப் போகும்போது கம்பளி உள்சட்டை இரண்டையும் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனீர்கள். அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள். விடுதியில் யாரும் கிழவன் என்று சொல்லமாட்டார்கள், அவர்களும் போட்டிருப்பார்கள்.

"இனிமே ஸ்டாம்ப் வாங்க வேண்டாம், எல்லாம் மின்னஞ்சல்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் ஸ்டாம்ப் ஒட்டி எழுதுகிறேன். இணைப்பு ஊர்கிறது. ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் அறுந்தும் போகிறது. இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால் நாற்பது நிமிடம் பாட்டுதான் கேட்கிறது.

எனக்குப் புரிகிற மாதிரி வழி சொல்லுங்கள். எழுதியே சொல்லுங்கள். விடுதிப் போனில் பேசும்போது பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்காக உங்கள் குரல் அதிகாரி குரலாகிவிடுகிறது.

நஹோ நலம். படிக்கிறாள்.

சவாகோ


குஷிரோ
8 அக்டோபர் 1999

சவாகோவுக்கு,

உள்சட்டை வந்தது. போட்டிருக்கிறேன்.

இரண்டு மாதமாக என் மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததற்குக் காரணம் மோடம்தான் என்றால் எனக்கு நிம்மதி. நீதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்கிற வரிசையில் செய். போனிலிருந்து மோடத்துக்கு வரும் ஒயர் வேறு மின்சார ஒயரோடு சேர்ந்து கிடக்கிறதா பார். கிடந்தால் பிரி. ஃப்ரிட்ஜ் ஓடும்போது வருகிற இரைச்சல் அதில் ஏறிக்கொள்ளும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்துச் சரியாகச் செருகு. இணைந்ததும் திரையில் ஓர் எண் வரும், அதை எழுதிவை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே. மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். குளிர்பதனக் கிடங்கில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனிடமும் நான் சொல்லித் தொண்டை வறண்ட விஷயம் இது.

நஹோவை இரண்டு வரி எழுதச் சொல். மார்ச்சில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. மாதிரித் தேர்வில் என்ன மதிப்பெண் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தோகிஹிரோ


மிஹாரா
14 அக்டோபர் 1999

நஹோ அப்பாவுக்கு,

செய்தேன். ஒயர் ஃப்ரிட்ஜ் ஒயரோடு ஜடை பின்னிக் கிடந்தது. பிரித்து, மாடிப்படி ஓரமாகக் கொக்கி அடித்து மாட்டினேன். பதினைந்து மீட்டர் ஒயர், மாட்டி முடிப்பதற்குள் முதுகு போய்விட்டது. திரையில் பத்தொன்பதாயிரம் என்று இருந்தது இப்போது முப்பத்தோராயிரம். வேகம் பரவாயில்லை. நீங்கள் கெட்டிக்காரர்தான்.

ஆனால் அறுந்துபோவது நிற்கவில்லை. காலையில்தான் தொல்லை. அதற்கு உடனே வழி சொல்லுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சவாகோ


குஷிரோ
18 அக்டோபர் 1999

சவாகோவுக்கு,

இரண்டு கேள்வி. நான் கம்ப்யூட்டரை வைத்தது கீழறையில், போனிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. பதினைந்து மீட்டர் ஒயர் எதற்கு? காலையில்தான் தொல்லை என்கிறாய். காலை ஐந்தரையிலிருந்து மத்தியானம் வரை நீ சாப்பாட்டுப் பொட்டலக் கடையில் நிற்கிறாய். காலையில் அறுகிறது என்று உனக்கு யார் சொன்னது?

மோடம் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது என்று கம்ப்யூட்டரே குறித்துவைக்கும். அதை எடுக்கும் வழியைத் தனித் தாளில் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். புத்தாண்டு அட்டை அடிக்கிற பிரிண்டரில் அடித்து அனுப்பு.

தோகிஹிரோ


மிஹாரா
24 அக்டோபர் 1999

நஹோ அப்பாவுக்கு,

கீழறையில் குளிர், அதனால் மாடிக்குக் கொண்டுபோனேன். காலை என்று சொன்னது என் விடுமுறை நாளை. போலீஸ்காரர் மாதிரி கேட்காதீர்கள்.

பதினொரு தாள் இத்துடன். எல்லாம் எண்ணும் ஆங்கிலமுமாக இருக்கிறது, நான் ஒன்றையும் படிக்கவில்லை. அறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். நஹோவுக்கு எழுத நேரமில்லை.

சவாகோ


குஷிரோ
29 அக்டோபர் 1999

சவாகோவுக்கு,

நீ படிக்கவில்லை. நான் படித்தேன். இருபது வருடமாக உறைகிடங்கின் வெப்பநிலைத் தாளைப் பார்த்து, யார் எப்போது கதவைச் சாத்தாமல் போனான் என்று சொல்கிறவன் நான். என்னிடம் இந்தத் தாளை அனுப்பிவிட்டு எதை மறைக்கலாம் என்று நினைத்தாய்?

தினமும் காலை ஏழு ஐம்பதுக்கு யாரோ இணைகிறார்கள். எட்டு இருபத்தைந்துக்கு அறுகிறது. ஒரு நிமிடம் முன்னே பின்னே. திங்கள் முதல் சனி வரை. ஆனால் 9ஆம் தேதி சனிக்கிழமை அறவில்லை. 11ஆம் தேதி திங்களும் அறவில்லை. 16 சனிக்கிழமை அறுந்தது. 23 சனிக்கிழமை அறவில்லை. பழுதான ஒயர் நாள் பார்த்து அறுவதில்லை. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும், தேசிய விளையாட்டு நாள் ஞாயிறில் வந்ததற்காகத் திங்களும் விடுமுறை விடுகிற இடம் பள்ளிக்கூடம்.

மோடத்தில் ஒரு குற்றமும் இல்லை. நம் போனில் கால் வெயிட்டிங் இருக்கிறது. இணைப்பில் இருக்கும்போது வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உள்ளே ஒரு சத்தம் விழும், மோடம் குழம்பி இணைப்பை விட்டுவிடும். நான் கூப்பிட்டால் எங்கேஜ்ட் வரக்கூடாது என்று, கிளம்புவதற்கு முன் நானே கேட்டு வாங்கிய வசதி.

வகுப்பு தொடங்குவதற்கு முன் பள்ளியிலிருந்து தினமும் கூப்பிடுகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பது நஹோ. எத்தனை நாளாக அவள் போகவில்லை? எனக்கு மட்டும் ஏன் தெரியாது?

நவம்பர் 14ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை நானே பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விடுவேன். அதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரைக் கீழே இறக்கு.

தோகிஹிரோ


மிஹாரா
3 நவம்பர் 1999

நஹோ அப்பாவுக்கு,

ஜூன் பத்தாம் தேதியிலிருந்து போகவில்லை. அன்று எனக்குக் கடை விடுமுறை. சீருடை போட்டு, காலணியும் போட்டு, வாசலிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான்தான் காலணியைக் கழற்றினேன். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றாள். மூன்று நாளில் அவள் பேசியது அது ஒன்றுதான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். தப்பாக இருக்கலாம், ஆனால் திரும்ப அந்த வாசலில் நின்றாலும் அதைத்தான் கொடுப்பேன்.

நாலாம் வகுப்பில் நீச்சலுக்குப் போகமாட்டேன் என்று அழுதவளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்தீர்களே. தெருவே பார்த்துச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அவள் இன்னும் சிரிக்கவில்லை.

காலை ஏழு ஐம்பதுக்கு ஜன்னலுக்குக் கீழே சீருடைப் பிள்ளைகள் போகிற சத்தம் கேட்கும். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு மோசம். அகிதாவில் அவளைப் போலவே பள்ளிக்குப் போகாத ஒரு பெண் இருக்கிறாள். இருவரும் அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் எழுதிக்கொள்கிறார்கள். எட்டு இருபத்தைந்துக்கு அது அறுந்துபோகும், உடனே கீழே போன் அடிக்கும். இருபது தடவை அடிக்கும். நான் மத்தியானம் வந்து பார்க்கும்போதும் போர்வைக்குள்ளேயே இருப்பாள். ஆசிரியர் கொய்கே நல்லவர்தான். காலையில் கூப்பிட வேண்டாம் என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே பேசியாக வேண்டும் என்பது பள்ளி விதியாம்.

"அறாம இருக்க என்ன பண்ணணும்? அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" என்று செப்டம்பர் கடைசியில் அவளே கேட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு உங்கள் பேச்சை எடுத்தாள். அதனால்தான் எழுதினேன்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். தோளில் தூக்குவதற்காக வருவதென்றால் வராதீர்கள். வந்தால் வீடு பூட்டியிருக்கும். ஃபுகுயாமாவில் என் அக்கா வீட்டுக்கு அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். எப்போது திரும்புவேன் என்று சொல்லமாட்டேன்.

சவாகோ


குஷிரோ
9 நவம்பர் 1999

சவாகோவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அந்த நீச்சல் கதையை நான் கம்பெனி விருந்துகளில் எத்தனை தடவை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன் தெரியுமா? நினைக்கவே கூசுகிறது. இன்னும் கோபமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஐந்து மாதம் எனக்குத் தெரியாமல் போனதே என்று இருக்கிறது. ஆனால் என்னிடம் சொல்ல முடியாமல் செய்தது நான்தான்.

சீட்டை ரத்து செய்துவிட்டேன். நஹோ கூப்பிடும்போது வருகிறேன்.

போன் என் பெயரில் இருப்பதால் நேற்று இங்கிருந்தே பேசி, கால் வெயிட்டிங்கை எடுக்கச் சொல்லிவிட்டேன். மாலையே எடுத்துவிட்டார்கள். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். இனி அவள் இணைப்பில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்ட்தான். நான் கூப்பிட்டாலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் மாடியிலேயே இருக்கட்டும். அதன் குறிப்புத் தாளை இனி எனக்கு அனுப்பாதே, கேட்டாலும் அனுப்பாதே.

நேற்றே ஆசிரியர் கொய்கேயிடமும் பேசினேன். அவருக்கு விதி இருக்கிறது, வீட்டுக்குப் பேசியாக வேண்டும். அப்பாவிடம் பேசினாலும் போதும்தானே என்று கேட்டு, கிடங்கு எண்ணைக் கொடுத்தேன். இன்று எட்டு இருபத்தைந்துக்கு என் மேஜையில் போன் அடித்தது. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

"நஹோ இன்னைக்கும் வரலைங்க" என்றார்.

"ஆமாங்க, வரலை. வீட்டுல இருக்கா. நான் அவ அப்பாதான் பேசுறேன்" என்றேன்.

நாளைக்கும் கூப்பிடுவார். நான் எடுப்பேன்.

தோகிஹிரோ