பன்னிரண்டாம் மாடி எழுத்து

சாவோ பாவுலோ,
ஆகஸ்ட் 14

அன்புத் தம்பி எடிவால்டோவுக்கு,

அக்கா ரோசிலேனி எழுதுவது. பெலேமில் மாமா வீட்டில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே மழை விடவே இல்லையாமே, நனைந்து சளி பிடித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. போனில் பேச வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் இதை ஆள் மூலம் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நீ சுவர்களில் எழுதுகிற எழுத்தை உன் நோட்டிலிருந்து எடுத்து நான் கம்ப்யூட்டரில் எழுத்துருவாகச் செய்தேனே, தடித் தடியாக, மூலைக்கு மூலை கத்தியால் வெட்டினது மாதிரி, அதை ஒரு ஷூ கம்பெனி வாங்கி ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டிவிட்டது. பஸ் நிறுத்தம், மெட்ரோ, எங்கே திரும்பினாலும் குறுக்குக்கோடு இல்லாத உன் 'A' நிற்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் முனைகளைக் கொஞ்சம் மழுக்கியிருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் போஸ்டரையும், நீதிமன்றக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடிச் சுவரில் நீ எழுதியதன் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே கை. யாரும்மா அது?" என்றார். என் எழுத்துதான், சுவரில் எழுதியதும் நான்தான் என்றேன். "இந்த உடம்ப வச்சிக்கிட்டு நீ வெளிப்பக்கமா பன்னெண்டு மாடி ஏறுனியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே வாக்குமூலத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறுனாலே தலை சுத்தி விழறவ! பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேணாமாடி?" என்று கத்தினாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் என்னை நம்பவில்லை, அக்காவைப் பிடித்தால் தம்பி தானாக வருவான் என்று காத்திருக்கிறார் என்கிறார் வக்கீல். உனக்கு இது மூன்றாவது வழக்கு, நேராகச் சிறைதான். எனக்கு முதல் வழக்கு, அபராதத்தோடு போய்விடும். விசாரணை 29ஆம் தேதி. அதற்குள் இந்த ஊரில் எங்காவது அந்த எழுத்து புதிதாக முளைத்தால் எல்லாம் போச்சு.

உன்னை எனக்குத் தெரியாதா? இதைப் படித்ததும் பஸ் ஏறத் துடிப்பாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஏதாவது ஒரு சுவரில் ஏறி நிற்பாய். வராதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அது என் எழுத்து என்று நான் சொன்னது இது இரண்டாம் முறை. முதல் முறை, அந்த எழுத்துருவுக்கு எனக்குப் பரிசு கொடுத்தார்களே, அந்த மேடையில். வரைந்தது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன், உன் பெயரைச் சொல்லவே இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நீ எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாய். வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று எனக்காகச் சும்மா இருந்தாய். இந்த ஒரு தடவை உனக்காகச் சும்மா இரு, கண்ணு.

கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அக்கா,
ரோசிலேனி